நான் பூஜ்யம் போட்ட அட்டைப்படம்

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. கல்லூரியில் முப்பது வருடம் வரலாறு நடத்தியவன். கோட்டை சம்பந்தமாக எது நடந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆண்டு மலருக்கு அட்டைப்படம் தேர்ந்தெடுக்கக் கூப்பிட்டதும் அப்படித்தான்.

மாணவர்களே வரைந்து, தலைப்பு எழுதி, அச்சுக்குப் போகிற மாதிரி தயார் செய்து தர வேண்டும். 'எங்கள் பள்ளி, எங்கள் ஊர்' என்பது பொருள். நூலகத்து மேசையில் பதினோரு படங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். என்னோடு ஓவிய ஆசிரியரும் ஒரு தமிழாசிரியையும் இருந்தார்கள். மதிப்பெண் தாளில் நான்கு கட்டங்கள்: கருத்து, அமைப்பு, எழுத்து, சொந்தக் கற்பனை. ஒவ்வொன்றுக்கும் பத்து. வரைந்த பிள்ளைகள் எல்லோரும் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்துப் படங்களில் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் இருந்தது. பதினோராவது, பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் வரைந்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லை நடுவே ஒரு வரப்பு. புத்தகப் பையோடு நாலு பிள்ளைகள் நமக்கு முதுகு காட்டிப் பள்ளிக்குப் போகிறார்கள். எதிரே ராஜகிரி. கோட்டை இருக்கும் அந்த மலையின் தோளில் சூரியன் பாதி. தலைப்புக்கு வானத்தையே காலியாக விட்டிருந்தாள். அச்சகத்தில் ஓரத்தை வெட்டுவார்கள் என்று நான்கு பக்கமும் அரை அங்குலம் விட்டிருந்ததும் அவள் ஒருத்திதான். இதையெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு என் கண்ணில் பட்டவை இரண்டு தவறுகள் மட்டுமே.

செஞ்சியில் இருப்பவர்களுக்கு ராஜகிரிக்குப் பின்னால் சூரியன் மறையும். அது சாயங்காலம். இன்னொன்று, மலையின் செங்குத்தான பக்கம் நமக்கு வலது கைப்பக்கம் இருக்கும். படத்தில் இடது பக்கம் இருந்தது. யாரோ எடுத்த போட்டோவைப் போனில் இடம் வலமாகத் திருப்பி, அதைப் பார்த்து வரைந்தால் இப்படித்தான் வரும் என்று முடிவு செய்தேன்.

"இன்னாம்மா, உங்க ஸ்கூல் சாயங்காலமாத் தொறக்கறாங்களா?" என்று கேட்டேன். சுவரோரம் சிரிப்பு எழுந்தது.

"காலைலதான் சார்."

"அப்ப சூரியன் மலைக்குப் பின்னாடி இன்னா பண்ணுது?"

"எங்க ஊர்லேர்ந்து பாத்தா அப்டித்தான் சார் இருக்குது."

"எல்லா ஊருக்கும் ஒரே மலைதாம்மா. எங்கேயோ எடுத்ததத் திருப்பிப் போட்டிருக்க. மலையே கை மாறிடுச்சு பாரு."

"இது டவுன்லோடு பண்ண செஞ்சி சார்" என்று ஒரு பையன் சொன்னான். மறுபடியும் சிரிப்பு.

"வேல நல்லா இருக்குது சார்" என்று ஓவிய ஆசிரியர் தாழ்ந்த குரலில் சொன்னார். நான் 'சொந்தக் கற்பனை' கட்டத்தில் பூஜ்யம் போட்டு, பக்கத்தில் 'நகல்' என்று எழுதினேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'எங்க ஊர்லேர்ந்து' என்று அவள் சொன்னபோது எனக்குள் ஒரு சந்தேகம் தட்டியது. எந்த ஊர் என்று கேட்டிருந்தால் போதும். ஆனால் எல்லோர் முன்னாலும் சிரிக்க வைத்தாகிவிட்டது. கேட்டால் சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயந்தேன். கேட்கவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

மலர் கல்யாண மகாலோடு வெளிவந்தது. எனக்கு இரண்டு பிரதிகள் அனுப்பினார்கள்.

அடுத்த வருடம் தை மாதத்தில், என்னோடு வேலை பார்த்த ஒருவர் மலைக்கு மேற்கே உள்ள தன் ஊரில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். விடியற்காலை முகூர்த்தம். முந்தின நாளே போய்த் தங்கினேன். காலையில் காபி டம்ளரோடு தெருவுக்கு வந்து நின்றேன். எதிரே ராஜகிரி. செங்குத்துப் பக்கம் இடது கையில். மலை மறைப்பதால் அங்கே சூரியன் தாமதமாகத்தான் தெரியும். அப்போதுதான் தோளுக்கு மேல் வந்துகொண்டிருந்தது. வரப்பில் சீருடைப் பிள்ளைகள் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த மலையைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதியவன் நான். மேற்கே நின்று ஒரு விடியலைக்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். "ஒரு வருஷம் ஆயிடுச்சு, விடுங்க சார்" என்றார் தலைமையாசிரியை. நான் விடவில்லை. அந்தப் பெண்ணை வராந்தாவுக்கு அழைத்துவரச் சொன்னார்.

"நீ வரைஞ்சதுதாம்மா சரி. நான் மேக்கால போய்ப் பாத்தேன். என்ன மன்னிச்சிடு" என்றேன்.

"பரவால்ல சார்."

இந்த வருட மலருக்கு அந்தப் படத்தையே போடலாமே என்றார் தலைமையாசிரியை. அது தன்னிடம் இல்லை என்றாள் அவள். என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. போகத் திரும்பியவள் நின்றாள்.

"சார், இத இங்க வந்து சொல்றீங்க. அன்னிக்கு லைப்ரரில எல்லாரும் இருந்தாங்க."

"ஏய், பெரியவர்கிட்ட இன்னா பேச்சு இது?" என்றார் தலைமையாசிரியை.

"சரியாத்தான் கேக்குது" என்றேன்.

அன்று சிரித்தவர்களில் பாதிப்பேர் அவள் வகுப்பிலேயே இருந்தார்கள். அந்த வகுப்புக்குப் போய், கரும்பலகைக்கு முன்னால் நின்று, அந்தப் படம் அவளாகவே வரைந்தது, நகல் என்று நான் எழுதியது பொய், எனக்குச் சந்தேகம் வந்தும் வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னேன். முப்பது வருடம் வகுப்பறையில் பேசியவனுக்கு இந்த மூன்று விஷயத்தைச் சொல்வது சுலபமாக இல்லை.

பிறகு அவள் பக்கத்தில் இருந்த பெண் அவளைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப நெசமாவே நீதான் வரைஞ்சியாடி?"

"அன்னிக்கே சொன்னேனே. எவ நம்புனா?"

"சரி சரி, கோச்சிக்காத. பயாலஜி ரெக்கார்டுல இதயம் படம் கேவலமா வந்துகினு இருக்குது. போட்டுக் குடுடி."

"எனக்கும்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு நோட்டு கை மாறி வந்தது. அதன்மேல் இன்னொன்று.

"எல்லாம் ஒரே நாள்ல ஆவாது. வரிசையா வைங்க" என்றாள் அவள். முதல் நோட்டைப் பிரித்து, பென்சிலைச் சீவத் தொடங்கினாள்.

என்னை யாரும் கவனிக்கவில்லை. வகுப்பில் இருந்த ஆசிரியரிடம் தலையசைத்துவிட்டு வெளியே வந்தேன்.