வெயிலுக்கான இலக்கம்

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரிப் பதிவறையில் அவரைச் சந்தித்தேன். நோயாளிகளின் கோப்பைப் படித்து, அந்தந்த நோய்க்குரிய கோட் இலக்கத்தை எழுதுவது அவர் வேலை. அக்குறணைக்காரர். நரைத்த தாடி, எப்போதும் பாதி மூடிய இமைகள். எந்த வரியைப் படித்தாலும் வரி தவறாதபடி அதன் கீழே அடிமட்டக் கோலை வைத்துக்கொள்வார்.

நான் அப்போது வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன். வெயில் பட்டால் கையெல்லாம் தடித்துவிடும். அலுவலகத்துக்குள் வேலை கேட்டேன். ஆஸ்பத்திரி தந்த சீட்டில் இருப்பது சாதாரணச் சொறிக்கான இலக்கம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை மாற்றக் கேட்டுத்தான் அவரிடம் போனேன்.

“வெயில்லதான் சார் வருது,” என்றேன்.

“வெயில்ண்டு டொக்டர் எழுதல்லயே. எழுதாத ஒண்டுக்கு நான் கோட் போட ஏலாது.”

சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து மூன்று மாடி ஏறிப்போனார். அரை மணி கழித்துத் திரும்பியபோது அதில் டொக்டர் கையெழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது. அடிமட்டத்தை அதன் கீழே வைத்து, பழைய இலக்கத்தை வெட்டிப் புதியதை எழுதினார்.

“இனி ஒங்கட இடத்துக்கு வெயில்ல யாரு போற?” என்று கேட்டார். குத்திக்காட்டும் குரல் இல்லை, களைத்த குரல். நான் பதில் சொல்லுமுன் அடுத்த கோப்பைத் திறந்துவிட்டார்.

இப்போது எனக்கு மின்விசிறிக்குக் கீழே மேசை. நேற்று என் பழைய தெருக்களின் மீட்டர் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தவர் முன்கையைச் சொறிந்துகொண்டே நின்றார்.

“டொக்டர்கிட்ட போனா வெயில்னு எழுதச் சொல்லுங்க,” என்றேன்.

பதிவறையில் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் என் முன்னால் நின்றுகொண்டிருந்தது.