இரண்டு வீட்டு ஃபோல்டர்

புதுக்கடையில் கல்யாண அட்டை அடிக்கும் ஓர் அச்சகத்தில் எனக்கு டிசைன் வேலை. ஒருமுறை பெண் வீட்டு அட்டையை மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டிவிட்டேன். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று பெரிய வழக்காகிவிட்டது. அன்றே முதலாளி தன் கம்ப்யூட்டரில் ‘பெண் வீடு’, ‘மாப்பிள்ளை வீடு’ என்று இரண்டு ஃபோல்டர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி யூசர், தனி பாஸ்வேர்டு வைத்தார். அந்தப் பாஸ்வேர்டுகளைக் காலண்டர் அட்டையில் எழுதி எல்லாரும் பார்க்கத் தொங்கவிட்டதும் அவர்தான்.

தேங்காய்ப்பட்டணத்துப் பெண் ஒருத்தி தன் அட்டையில் பிழை பார்க்க வந்தாள். அப்பா இல்லை. மீன் விற்று வளர்த்த அம்மாவின் பெயர் அதில் முதலில் இருந்தது. பார்த்து முடித்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணே, மாப்பிள்ளை வீட்டு கார்டுல எங்க அம்மைக்க பேரு உண்டான்னு பாக்கணும்.”

அந்த அட்டை மத்தியானத்துக்கு மேல் அச்சுக்குப் போகிறது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். எனக்குத் துணிச்சல் வருவதும் அந்த நேரத்தில்தான். என் கம்ப்யூட்டரில் இருந்தபடியே, முதலாளியின் கம்ப்யூட்டருக்குள் போக மாப்பிள்ளை வீட்டு யூசரைப் போட்டேன். ஏற்கெனவே வேறு பெயரில் உள்ளே இருக்கிறாய், முடியாது என்றது கம்ப்யூட்டர். பெண் வீட்டு ஃபோல்டரை மூடிவிட்டுப் போட்டேன். அப்போதும் அதே பதில்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு வீடும் சேராது போலிருக்கே,” என்று சிரித்தாள்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. முதலாளியின் கம்ப்யூட்டருக்குப் பெயரும் உண்டு, நெட்வொர்க்கில் ஓர் எண்ணும் உண்டு. அதுவரை பெயரைச் சொல்லிப் போனேன்; இப்போது எண்ணைச் சொல்லிப் போனேன். வேறு ஏதோ கம்ப்யூட்டருக்குப் போகிறேன் என்று நம்பிக் கதவைத் திறந்தது என் அப்பாவிக் கம்ப்யூட்டர்.

அட்டையில் அம்மாவின் பெயர் இல்லை. பெண்ணின் தாய்மாமன் பெயர் மட்டும். கணவனை இழந்தவள் பெயர் நல்ல காரியத்தில் எதற்கு என்ற பழைய புத்திதான். எனக்கே கோபமாக வந்தது. அவள் போனை எடுத்து, மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

“நான் அச்சகத்துலதான் நிக்கேன். எங்க அம்மைக்க பேரு இல்லாத கார்டு நீங்க அடிக்கண்டாம்.”

போனில் மாப்பிள்ளையின் குரல் வந்தது.

“வீட்டுல எழுதித் தந்தத அப்படியே கொண்டு குடுத்தேன். வாசிச்சுப் பாக்கல்ல, தப்புதான். அண்ணே, அத்தைக்க பேரப் போடுங்க. வீட்டுல நான் சொல்லிக்கிடுதேன்.”

போட்டேன். வரி நீண்டு ஓரத்தில் முட்டியது. அம்மாவின் பெயரைக் கொஞ்சம் சிறிதாக்கப் போனேன். அவள் என் கையைப் பிடிக்காத குறை.

“அது இருக்கட்டும் அண்ணே. மாமனுக்க பேரச் சின்னதாக்குங்க.”