சட்டியில் ஒட்டிய விதை

நிர்மலாவுக்குக் கையளவு நிலமில்லை. கச்சிராயபாளையத்தில் கொளஞ்சியப்பனின் மாட்டுப்பண்ணையில் ஒன்பது வருடம் சாணி அள்ளினாள். வேலை போனால் பண்ணை ஓரத்துக் குடிசையும் போய்விடும். அது அந்தப் பெரிய மனிதருக்கும் தெரியும். அதனால்தான் எந்தத் தப்பு நடந்தாலும் அவர் கண் முதலில் இவளைத் தேடும்.

ஆனியில் தீவனத்துக்கு வேலிமசால் விதைத்தார்கள். வேரில் முடிச்சு உண்டாக்கும் பாக்டீரியாப் பொட்டலத்தை ஆறின கஞ்சியில் கரைத்து, விதையை அதில் புரட்டி, நிழலில் உலர்த்தச் சொல்லியிருந்தார் வேளாண்மை அலுவலர். நிர்மலா விரல்விட்டுப் பார்த்து, ஆறிய பிறகே கலந்தாள். கொளஞ்சியப்பனுக்குத்தான் பொறுமையில்லை. விதையை அள்ளிச் சிமெண்டுக் களத்தில் உச்சி வெயிலில் பரப்பிவிட்டார்.

"வெயில்ல போட்டா அந்தப் பாக்டீரியா செத்துப்பூடும்ங்க."

"நீ இன்னா படிச்சிக்கினு வந்தவளா? போய்ச் சட்டியக் கழுவு."

சட்டியில் ஒட்டியது கழுவுகிறவளுக்கு. சோறானாலும் அங்கே அதுதான் வழக்கம். ஒட்டிய விதையைச் சுரண்டிக் குடிசை ஓரம் தன் ஆட்டுக்காக ஊன்றினாள். வயலுக்குப் போட்ட நுண்ணூட்டக் கலவையின் காலிச் சாக்கையும் அங்கேயே உதறிப் போட்டாள்.

முதல் அறுப்புக்குப் பிறகு வயல் துளிர்க்கவே இல்லை. அலுவலர் வந்து ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை.

"முடிச்சுல பாக்டீரியா இருந்தாத்தான் தழைச்சத்து கெடைக்கும், செடி தெம்பா வேர்ல சர்க்கரை சேத்து வைக்கும். அறுத்தா அந்தச் சர்க்கரைலதான் மறுபடி துளிர்க்கும். போரான், மாலிப்டினம்னு நுண்ணூட்டம் மட்டும் போட்டு ஒண்ணும் ஆவாது. கஞ்சியச் சூடா ஊத்திட்டீங்களா?"

"இவதான் கலந்தா," என்றார் கொளஞ்சியப்பன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

நிர்மலா மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். அலுவலரைக் குடிசைப் பக்கம் கூட்டிப்போனாள்; கொளஞ்சியப்பனும் பின்னாலேயே வந்தார். இடுப்பளவு பச்சை. ஒன்றைத் தோண்டி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டினாள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது.

"அதே சட்டி, அதே கஞ்சிங்க. இது வெயிலே பாக்கல."

"செவப்பா இருந்தா உள்ள பாக்டீரியா உசுரோட இருக்குன்னு அர்த்தம். அப்போ கலந்தது சரிதான்," என்றார் அலுவலர். அரை நிமிடம் அவள் ஜெயித்திருந்தாள்.

"அது கெடக்கட்டும் சார்," என்று குறுக்கிட்டார் கொளஞ்சியப்பன். " எங்க விதை இவ வூட்டாண்ட எப்படி வந்துது? வயல் மருந்தும் போட்டிருக்கா, சாக்கு கெடக்குது பாருங்க. திருட்டுக் கழுதை."

அலுவலர் வாட்ச்சைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"நாளைக்குக் குடிசையக் காலி பண்ணிடு," என்றார் கொளஞ்சியப்பன். " இப்ப இத்த மாட்டுக்குப் போடு."

அவள் அரிவாளை எடுத்தாள்.

"இரு. அறுத்தா மறுபடி துளிர்க்குமாமே. வேரோட தோண்டு."

பொழுது சாயும்வரை தோண்டினாள். ஒவ்வொரு வேரும் கொழுத்திருந்தது. மாடுகள் மிச்சம் வைக்காமல் தின்றன.