கசந்தால் வெல்லம்

போன வாரம் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி வாசலில் என் கல்லூரித் தோழி மலர்விழி கையில் ஒரு மல்லாட்டை உருண்டையை (வேர்க்கடலை உருண்டைதான்) வைத்துக்கொண்டு நின்றாள். தின்னவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. நாங்கள் ஏற வேண்டிய பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது.

மலரைப் பற்றி இங்கே முன்பே புலம்பியிருக்கிறேன். உணவு விஞ்ஞானி. இவளோடு ஓட்டலுக்குப் போனால் நிம்மதியாக ஒரு சட்னி தொட்டுக்கொள்ள முடியாது! சாப்பாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் ரசாயனத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார் செய்வதுதான் அவள் ஆராய்ச்சி. கடைசியாகச் செய்தது மல்லாட்டைக்கு. ஈரப்பதத்தில் பருப்பின் மேல் ஒரு பூஞ்சை வரும். அது விடுகிற விஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஈரலைத் தின்னும். வயிற்றுப் பிள்ளையின் வளர்ச்சியையும் கெடுக்கலாம் என்கிறாள். பருப்பை அரைத்துக் கரைத்து, மிஷினில் ஒரு சொட்டு விட்டால் போதும். விஷம் இருந்தால் சிவப்பு விளக்கு.

இரண்டு மாதங்களுக்கு முன்னால் அதைத் திண்டிவனம் பக்கம் ஒரு மல்லாட்டை மண்டியில் வைத்துப் பார்த்தாள். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன்.

ஷெட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். காயெல்லாம் ஈரம். மலர் பதறிப்போய், “ஏங்க்கா தண்ணி தெளிச்சீங்க?” என்றாள்.

“தண்ணி தெளிச்சு, சாக்கு போட்டு ராத்திரி மூடி வச்சாத்தான் தோலு சுளுவா வரும் மேடம். இல்லன்னா பருப்பு ஒடையும். ஒடைஞ்சா முதலாளி கத்துவாரு” என்றாள் அஞ்சலை. அவள்தான் அங்கே மூத்தவள்.

பூஞ்சைக்கு இதைவிட நல்ல விருந்து கிடைக்குமா?

அஞ்சலை பக்கத்தில் அவள் மகள் கலா. வயிற்றில் ஏழு மாதம். நல்ல பருப்பை முறத்தில் போட்டாள். சுருங்கியது, கறுத்தது எல்லாம் மடியில். கை சும்மா இருக்கும்போது மடியிலிருந்து ஒன்று வாய்க்குப் போனது. அந்த மண்டியில் அதுதான் வழக்கம்... சொத்தை, உடைக்கிறவர்களுக்கு.

மலர் அந்த மடிப் பருப்பில் ஒரு பிடி வாங்கி அரைத்து, சொட்டு விட்டாள். சிவப்பு.

“இது விஷம்மா. தின்னாதே!”

“நர்சம்மாதான் மல்லாட்டை தின்னச் சொன்னாங்க மேடம், ரத்தம் ஊறும்னு” என்று அஞ்சலை குறுக்கே வந்தாள். “நல்ல பருப்ப வாங்கித் திங்க நாங்க எங்க போறது? வறுத்துட்டா எல்லாம் செத்துப்பூடும். கசந்தா வெல்லம் போட்டு இடிச்சுக்குவோம். எத்தினி வருசமா தின்னுக்கினு இருக்கோம்...”

வறுத்தாலும் விஷம் முழுசாகப் போகாது என்று மலர் சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஆட்டிக்கொண்டே உடைத்தார்கள். எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

மண்டிக்காரருக்கு மட்டும் ஏக சந்தோஷம். வெளிநாட்டுக்கு அனுப்பிய சரக்கு விஷம் இருக்கிறதென்று திரும்பி வந்த கடுப்பில் இருந்தவர் அவர். “மிஷின் இங்கியே இருக்கட்டும் மேடம்” என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அப்புறம் போன வாரம். கலாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று சேதி வந்து, பார்க்கப் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்குபேட்டர் பெட்டிக்குள் இருந்தது. பூனைக்குட்டி அளவுதான்.

“அதனாலதானா?” என்று மலரைக் கேட்டேன்.

“சொல்ல முடியாது. ரத்தசோகை, சாப்பாடு இல்லாதது, ஆயிரம் காரணம் இருக்கும். சொல்ல முடியலைங்கறதுதான்டி பேஜாரு.”

உள்ளே கலா கட்டிலில் உட்கார்ந்து உருண்டை தின்றுகொண்டிருந்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்குத் தெம்பு வேண்டுமாம். தின்னாதே என்று மலர் கெஞ்சாத குறை.

“கசக்கலக்கா. அம்மா வெல்லம் ஜாஸ்தி போட்டுக்கீது” என்றாள் கலா.

நாக்குதான் உலகத்தின் முதல் சென்சார் என்று மேடைக்கு மேடை பேசுகிறவள் மலர்.

கிளம்பும்போது அஞ்சலை வாசல் வரை வந்தாள். முந்தானையிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து மலர் கையில் வைத்து அழுத்தினாள்.

“ஒங்க மிஷின் வந்ததுலருந்து செவப்பு எரியற மூட்டையெல்லாம் முதலாளி எங்களுக்கே குடுத்துடறாரு மேடம். முன்னெல்லாம் மடிக்கு ஒரு பிடி கெடைச்சா பெருசு. இப்ப ஊட்ல எல்லாரும் வயிறாரத் திங்கறோம். ஒங்க புண்ணியம்!”

அவள் உள்ளே போன பிறகும் மலர் அதே இடத்தில் நின்றாள். அடுத்த பஸ்ஸும் வந்தது. அப்போதுதான் பேசினாள்.

“மிஷின் கரெக்டாத்தான்டி வேலை செய்யுது.”