ஸ்விட்சுக்கு வைத்த பொட்டு

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் நாத்தனார் மகன். அவனையும் என் பிள்ளைகளோடுதான் எண்ணுவேன், அதை யாரும் கேள்வி கேட்கக்கூடாது. இரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எண்கள் எல்லாம் தெரியும். இங்கிலீஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் ஒரு காரின் காற்றையும் வைப்பரையும் ஒன்றரை வருஷம் நான்தான் நிர்வாகம் செய்தேன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி இதை எழுதுகிறாள்.

சேலையூரில் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது ஒரு பழைய அம்பாசடர். எண்பதுகளின் நடுவில் வந்தது. அந்த வண்டியில் எனக்குக் குழப்பமே கிடையாது. ஒரு திருகை இழுத்தால் விளக்கு எரியும், தள்ளினால் அணையும். எதிரில் லாரி வந்தால் என் வீட்டுக்காரர் கீழே இருக்கும் குமிழைக் காலால் மிதிப்பார், வெளிச்சம் தாழும். காற்று வேண்டுமென்றால் கண்ணாடியை இறக்க வேண்டும், மழை வந்தால் ஏற்ற வேண்டும். மாட்டு வண்டியைவிட நாலு சாமான் அதிகம், அவ்வளவுதான்.

பத்து வருஷம் கழித்து என் மூன்றாவது மகன் ஏசி வைத்த புதுக் கார் வாங்கினான். ஆறே மாதத்தில் அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. போவதற்கு முந்தின நாள் எங்கள் இருவரையும் முன் சீட்டில் உட்காரவைத்து, பின் சீட்டிலிருந்து கையை நீட்டி நீட்டிப் பாடம் நடத்தினான்.

"நைனா, ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் லைட்டு, இண்டிகேட்டர். இடது பக்கம் வைப்பர். நடுவுல இருக்கிறதெல்லாம் ஏசி. இது ஃபேன், இது நீலத்துக்குத் தள்ளினா கூல், சிவப்புக்குத் தள்ளினா சூடு."

"தாம்பரத்துல எவனுக்குடா சூடு வோணும்?" என்றார் அவர்.

"கம்பெனிக்காரன் வச்சிருக்கான் நைனா. இந்தப் பட்டனை அமுக்கினா காத்து மூஞ்சிக்கு வரும், இது காலுக்கு, இது கண்ணாடிக்கு."

கண்ணாடிக்கு எதற்குக் காற்று என்று கேட்க வாயெடுத்தேன். அவர் "தெரியும், தெரியும்" என்று தலையாட்டியதால் நானும் தலையாட்டினேன். அப்போதுதான் அந்தச் சிவப்பு முக்கோணத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சுவரில் தலைகீழாக வரைந்து, 'நாமிருவர் நமக்கிருவர்' என்று கீழே எழுதியிருப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். ஐந்து பெற்றவளைக் கேலி செய்வதற்காக அதை வண்டியில் வைத்திருக்கிறார்களா என்று எனக்கு ஒரு கணம் கோபமே வந்தது.

"அத்த மட்டும் தொடாதம்மா" என்றான் மகன். ஏன் என்று சொல்லவில்லை. சாவியைக் கொடுக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "நைனா கண்ணு எப்படிம்மா இருக்கு? சரியில்லன்னா ஓட்ட விடாத. எனக்குப் போன் பண்ணு."

"கழுகுக் கண்ணுடா உங்க நைனாவுக்கு" என்றேன்.

முதல் நாள் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனோம். ரயில்வே கேட்டில் நின்றபோது வேர்த்துக் கொட்டியது.

"ஏசிய வைமே" என்றார்.

"நானா?"

"நீதான் பக்கத்துல கீற. அந்தப் பட்டன்ல இன்னா எழுதிக்கீது பாரு."

முப்பத்தைந்து வருஷமாக என்னோடு வாழ்ந்தவர், எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதை மறந்துவிட்டாரா என்று நினைத்தேன். எட்டாவது படித்தவர், இங்கிலீஷ் எழுத்தும் தெரிந்தவர். பிறகு அவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அந்தப் பட்டனைப் பார்ப்பதைக் கவனித்தேன்.

"உங்களுக்குத் தெர்லயா?"

"கிட்டத்துல மட்டுந்தான் மசமசன்னு கீது. தூரம்லாம் பளிச்சினு தெரியுது. அவன்கிட்ட சொல்லாத. பேஜார் பண்ணுவான், டாக்டர் வூட்டுக்கு இழுத்துகினு போவான்."

அவருக்கு ஏன் டாக்டர் என்றால் பயம் என்று எனக்குத் தெரியும். அவர் அப்பாவுக்கும் கண்ணில் இப்படித்தான் தொடங்கியது. கடைசி ஏழு வருஷம் ஒரு கட்டிலில் உட்கார்ந்தபடி, வாசலில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார். அதனால் நான் சத்தியம் செய்து கொடுத்தேன். ஆனால் சோதிக்காமல் விடவில்லை. எதிரில் வரும் பஸ்ஸின் நம்பரைக் கேட்பேன், அவர் சரியாகச் சொல்வார். நானும் பார்த்துக்கொள்வேன், அதே நம்பர்தான் இருக்கும். அதில் என் மனம் சமாதானமானது.

ஆக, அவருக்குப் படிப்பு இருந்தது, கண்ணுக்கு எட்டவில்லை. எனக்குக் கண்ணுக்கு எட்டியது, படிப்பு இல்லை. இதற்கு வழி என்ன என்று யோசித்தபடி ஒரு நாள் வண்டியின் முன்னால் நின்றிருந்தேன். அந்தக் காலத்தில் வண்டிகளின் முன்விளக்கு நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் ஒட்டியிருப்பார்கள், எதிரில் வருகிறவன் கண் கூசாமல் இருக்க. எங்கள் வண்டியிலும் ஒட்டியிருந்தது. விளக்கே பொட்டு வைத்துக்கொள்கிறது, ஸ்விட்சு வைத்துக்கொண்டால் என்ன?

என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துவந்தேன். அவர் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்து எது என்ன செய்கிறது என்று சொல்ல, நான் ஒட்டினேன். ஏசிக்கு ஒரு பொட்டு. ஃபேனுக்கு இரண்டு. மூஞ்சிக் காற்றுக்குப் பெரிய பொட்டு, காலுக்குச் சின்னப் பொட்டு. கண்ணாடிக் காற்று எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை, அதற்கு ஒட்டவில்லை. முக்கோணத்தை நாங்கள் தொடவே இல்லை.

அன்றிலிருந்து ஸ்டியரிங்கும் விளக்கும் அவருடையது, மற்றதெல்லாம் என்னுடையது. "காத்து" என்பார், வைப்பேன். "மழ" என்பார், என் பக்கமிருந்த வைப்பர் கம்பியைத் தட்டுவேன். கோவிலம்பாக்கத்தில் என் தங்கை வீட்டுக்குப் போனபோது, வாசலில் நின்றவர்கள் பார்க்கும்படி நானே ஏசியை அணைத்துவிட்டு இறங்கினேன். தங்கை அசந்துபோனாள். அவள் வீட்டில் ஸ்கூட்டர்தான்.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. ஆயுத பூஜை வந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் கடைக்குட்டி மகள் வண்டியைக் கழுவினாள். உள்ளேயும் துடைத்தாள். நான் அடுப்படியில் பொரி கடலைக்கு வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் ஸ்விட்சு, பட்டன், திருகு என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். முன்விளக்குக்கு, ஹாரனுக்கு, முக்கோணத்துக்கும்கூட.

"இங்க இருந்த ஸ்டிக்கர் பொட்டெல்லாம் எங்கடி?"

"அதெல்லாம் பிச்சிப் போட்டேன்மா. எவ வூட்டுக் கொழந்தையோ ஒட்டிட்டுப் போயிருக்கு. அசிங்கமா இருந்துது."

நான் என்ன சொல்வேன்? சொன்னால் நைனா கண் விஷயம் வெளியே வரும். நல்ல நாளில் வைத்த குங்குமத்தை அழிக்கவும் எனக்குக் கை வரவில்லை. எது எங்கே என்று எனக்கு மனப்பாடம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது.

அடுத்த வாரம் ஊரப்பாக்கத்தில் இருக்கும் இரண்டாவது மகளைப் பார்க்கக் கிளம்பினோம். ஏழு மாதம் அவளுக்கு. கருவாட்டுக் குழம்பு கேட்டிருந்தாள். தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெருங்களத்தூர் தாண்டியபோது சாயங்காலம் நாலு மணிதான் இருக்கும், வானம் கறுத்தது. மழை என்றால் அப்படி ஒரு மழை. கண்ணாடியை ஏற்றினோம், குழம்பு வாசனை வண்டியை நிறைத்தது.

"கருவாட்டோட என்னையும் சேத்து வேகவைக்கப் போறியா? காத்த வைமே!"

எல்லாப் பட்டனும் ஒரே மாதிரி சிவப்பாக என்னைப் பார்த்தது. ஒன்றை அமுக்கினேன், லேசாக வந்துகொண்டிருந்த காற்றும் மூஞ்சியை விட்டுக் காலுக்குப் போனது. ஒன்றைத் தள்ளினேன், காலில் சூடாக அடித்தது. ஒன்றைத் திருகினேன், காற்றே நின்றுபோனது. அவசரத்தில் இன்னொன்றை அமுக்க, டக்டக் டக்டக் என்று வண்டிக்குள் ஒரு சத்தம் வந்தது. எதிரே இரண்டு பச்சை அம்புகள் சேர்ந்து மின்னத் தொடங்கின. பின்னாலிருந்து ஹாரன் காதைப் பிளந்தது. ஒரு லாரி எங்களை ஒட்டி வந்தது, அதன் கிளீனர் நனைந்தபடி தலையை நீட்டிக் கத்தினான்.

"இன்னா பெருசு, ரெண்டு பக்கமும் லைட்டு போடுற? வண்டிய நடுவுல பொளந்துகினு போவப் போறியா?"

"இன்னாமே பண்ண நீ?" என்றார் இவர்.

"நான் ஒண்ணும் பண்ணல. அதுவா அடிக்குது" என்றேன்.

வண்டலூர் நெருங்கியபோது அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி மெதுவானது, இடது சக்கரம் மண்ணில் இறங்கியது, நின்றது. எப்படி ஓரம் கட்டினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"போச்சுமே" என்றார்.

"இன்னா போச்சு?"

"கண்ணு. எல்லாம் வெள்ளையாக் கீது. எங்கப்பனுக்கும் இப்டித்தான்."

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று ரோட்டைப் பார்த்தேன். ரோடு இல்லை. லாரி இல்லை, மரம் இல்லை. பால் ஊற்றினதுபோல ஒரே வெள்ளை.

"எனக்கும் ஒண்ணும் தெர்லங்க" என்றேன்.

"உனக்குமா?"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கண் போய்விட்டது என்றுதான் ஒரு நிமிஷம் நினைத்தேன். சாமிக்கு வைத்த குங்குமத்தைத் திட்டிக்கொண்டே அமுக்கினேனே, அதற்கா இது என்றும் தோன்றியது. ஆனால் அவர் கை தெரிந்தது. மடியிலிருந்த தூக்குச் சட்டி தெரிந்தது. முன்கண்ணாடியில் விரலை வைத்தேன், ஈரம். வைப்பர் வெளியே ஓடிக்கொண்டிருந்தது, இந்த ஈரம் உள்ளே இருந்தது. கோடு இழுத்தேன், அந்தக் கோட்டுக்குள் ஒரு பச்சை பஸ் போனது.

"கண்ணாடிங்க! கண்ணாடிதான் வேர்த்திருக்குது!"

முந்தானையால் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எல்லாம் துடைத்தேன். இருவரும் சிரித்தோம். லாரிக்காரன் சொன்னதைச் சொல்லிச் சிரித்தோம். பிறகு அவர் முன்னால் குனிந்து ரோட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"தொடச்சிட்டியா?"

"தொடச்சிட்டேன்."

"நல்லா?"

"நல்லா. சேலைதான் நாசம்."

"எனக்குப் பொக போவலயே" என்றார்.

மழை வண்டியின் தலையில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்க விளக்கும் டக்டக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"எத்தினி நாளா?"

"புள்ள ஊருக்குப் போறதுக்கு முந்தி இருந்தே."

"பஸ்ஸு நம்பரு கரெக்டாச் சொன்னீங்களே?"

"பொறந்ததுல இருந்து இந்த ரோட்டுல கீறேன். எந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸு வரும்னு எனக்குத் தெரியாதா?"

ஒன்றரை வருஷமாக நான் பொட்டு ஒட்டி, பட்டன் அமுக்கி, கண் இல்லாத ஒரு மனிதரை ரோட்டில் ஓட்டவைத்திருக்கிறேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டும் இருக்கிறேன். சாவியை உருவி என் இடுப்பில் செருகினேன். அவர் தடுக்கவில்லை.

சாவியை எடுத்தபின்னும் விளக்கு நிற்கவில்லை. எதை அமுக்கினால் நிற்கும் என்று தெரியாமல், மழை கொஞ்சம் விட்டதும் அப்படியே விட்டு இறங்கினோம். பக்கத்து டீக்கடைக்கார அம்மா கூவினாள்: "யக்கா, வண்டி கண்ணடிச்சிகினே கீதே!"

"அடிக்கட்டும்" என்றேன். தூக்குச் சட்டி ஒரு கையில், அவர் கை இன்னொரு கையில். வண்டலூர் ஸ்டேஷனுக்கு நடந்தோம். அடுத்த ஸ்டேஷன் ஊரப்பாக்கம்தான். படியில் ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் அவர் காலால் துழாவினார். இதையெல்லாம் நான் வீட்டில் எப்படிப் பார்க்காமல் போனேன்?

மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியம் உடைந்தது. இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. வண்டியை எடுக்கப்போன மருமகன், பேட்டரி இறங்கிப்போய் நாலு பேரை வைத்துத் தள்ளவேண்டியிருந்தது என்றான்.

"அத்த, அந்த முக்கோணத்த இன்னொரு தபா அமுக்கினா நின்னுடும்" என்றான்.

"அதத் தொடக்கூடாதுன்னு உன் மச்சான்தான் சொன்னான். அவனப் போய்க் கேளு" என்றேன்.

கண்ணில் புரை என்றார் டாக்டர். எடுத்துவிடலாம் என்றார். ஒரு கண் அந்த மாதம், இன்னொன்று பொங்கல் கழித்து. அதுவரை அவருக்கு இருந்த பயத்தை நான் சொல்லமாட்டேன், அது அவருடையது.

இரண்டாவது கட்டுப் பிரித்து, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த நாளில் மருமகன் வண்டி ஓட்டினான். அவர் முன்னால், நான் பின்னால். அவர் குனிந்து டாஷ்போர்டையே பார்த்தபடி வந்தார். சந்தனம் காய்ந்து வெடித்து அப்படியேதான் இருந்தது.

"இன்னாமே இவ்ளோ அழுக்கா வச்சிக்கினு கீற வண்டிய?" என்றார். அதை நகத்தால் சுரண்டிவிட்டு ஒவ்வொரு எழுத்தாக எனக்குப் படித்துக்காட்டினார். கண்ணாடிக் காற்று எதற்கென்று மருமகன் சொன்னான், வேர்த்தால் அதுதான் துடைக்குமாம். வண்டலூரில் அதற்கும்தானே குங்குமம் இருந்தது, அதை மட்டும் அமுக்காமல் போனேனே!

ஆறு மாதம் கழித்து டாக்டர் சரி என்ற பிறகு அவர் மறுபடி ஓட்டினார். நான் அன்று காலையிலேயே புது அட்டை வாங்கி எல்லாவற்றுக்கும் பொட்டு ஒட்டினேன், கண்ணாடிக் காற்றுக்கும் சேர்த்து. "எனக்குத்தான் இப்ப தெரியுதே, அப்றம் எதுக்கு?" என்றார்.

"எனக்கு" என்றேன்.

போதும் கண்ணு, எழுதியது போதும். இப்போது முதலிலிருந்து நிதானமாக வாசி. வண்டலூரில் ஆயா அழுதாள் என்று எங்கேயாவது சேர்த்து எழுதிவிட்டாயா? நான் அப்படிச் சொல்லவில்லையே. வாசி, கேட்கிறேன்.