முதலில் காப்பாற்று, பிறகு சுடு

ஐறீன் அக்காவைப் பற்றிக் கொழும்பு கொட்டாஞ்சேனைச் சனம் என்ன வேண்டுமானாலும் கதைக்கட்டும். ஒரு பிள்ளையை ஏவி ஒரு மனிசனைச் சாகடித்தவராம்! வாய்க்கு வந்தபடி கதைப்பவர்கள் நான் சொல்வதையும் ஒருக்கால் கேட்டுவிட்டுக் கதைக்கட்டும்.

அக்கா முன்பு அம்புலன்ஸில் வேலை செய்தவர். ஆட்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு நாரி விட்டுப்போனதும் அதை விட்டுவிட்டு ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு கேம் கடை திறந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்து கணினிக்கு முன்னால் குந்திக்கொண்டு ஆளையாள் சுட்டுத் தள்ளுவார்கள். அக்கா ஒரு சட்டம் போட்டார்: "முதல்ல ஒரு ஆளைக் காப்பாத்து. பிறகு ஆரை வேணுமெண்டாலும் சுடு."

காப்பாற்றும் கேமை அவரும் மென்பொருள் படித்த சாருஜாவும் சேர்ந்து செய்தார்கள். திரையில் ஒருவர் பஸ் தரிப்பிடத்தில் விழுவார். மூச்சிருக்காது. மேசையில் ஒரு தலையணை, அதற்குள் வயர். அதுதான் அவருடைய நெஞ்சு. முழங்கையை மடக்காமல், ஆழமாக, விடாமல் அழுத்த வேண்டும். சுற்றி நிற்கும் கூட்டம் "சோடா பருக்கு", "ஓட்டோவில ஏத்து" என்று கத்தும். சாட்சாத் எங்கள் சனம்தான்! அதைக் கேட்டு ஏற்றினால் ஆள் முடிந்தார். முதலில் அக்காவைத் திட்டிய பிள்ளைகள், பிறகு யார் அதிக நேரம் அழுத்துவது என்று சண்டை பிடித்தார்கள். பதினைந்து வயது ஹம்சிகாவை ஒருவராலும் வெல்ல முடியவில்லை.

போன மாதம் ஹாட்வெயார் கடை யோகநாதன் தன் கடை வாசலிலேயே விழுந்தார். சனம் ஓடி வந்தது. ஒருவர் சோடா உடைத்தார். யோகநாதனின் தம்பி ஓட்டோ பிடித்தார். டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்த ஹம்சிகா கூட்டத்துக்குள் புகுந்து பார்த்தாள். மூச்சில்லை. "ஏத்தாதீங்கோ! ஆராவது அம்புலன்ஸுக்கு ஃபோன் அடியுங்கோ!" என்று கத்திவிட்டு, மண்டியிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். தம்பி அவளைத் தோளில் பிடித்து இழுத்தும் கையை எடுக்கவில்லை. அம்புலன்ஸ் வரும்வரை அழுத்தினாள். ஆனாலும் யோகநாதன் பிழைக்கவில்லை.

போதாதா எங்கள் ஆட்களுக்கு? ஓட்டோவில் கொண்டுபோயிருந்தால் தப்பியிருப்பாராம், கேம் விளையாடிச் சாக்காட்டிப்போட்டாளாம். பிள்ளை சாப்பாட்டை விட்டாள். "நான்தானே அன்ரி சாக்காட்டினது?" என்று அவள் கேட்டதும் அக்காவுக்கு வந்ததே ஒரு கோபம்! தகனம் முடிந்த மறுநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேரே செத்த வீட்டுக்கே போனார். நானும் கூடப் போனேன்.

தம்பிக்காரர் வாசலிலேயே மறித்தார். "என்ன துணிவில இஞ்ச வந்தனீங்கள்? ஓட்டோ ரெடியா நிண்டது. இவள்தானே ஏத்த விடேல்லை!"

"ஓம், விடேல்லைத்தான்!" என்றார் அக்கா. "அண்ணர் விழேக்கையே இதயம் நிண்டுட்டுது. ஓட்டோவுக்குள்ள அவரை மடிச்சு வைச்சால் ஆர் நெஞ்சை அமத்துறது? நீங்களோ? அவ்வளவு சனம் நிண்டீங்கள், ஒருத்தராவது கை வைச்சீங்களோ? இந்தப் பிள்ளை ஒண்டுதான் அவருக்காகச் சண்டை பிடிச்சது. அமத்தினாலும் எல்லாரும் தப்ப மாட்டினம். அமத்தாட்டி ஒருத்தருமே தப்ப மாட்டினம்!"

உள்ளே இருந்து யோகநாதனின் மனைவி நேசமலர் எழுந்து வந்தார். அவர் நேரே ஹம்சிகாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, நீ அவருக்கு என்ன செய்தனீ? எனக்குக் காட்டு."

அக்கா கதிரையில் கிடந்த தலையணையை எடுத்து நிலத்தில் போட்டார். ஹம்சிகா மண்டியிட்டு, கைமேல் கை வைத்து அழுத்திக் காட்டினாள். பிறகு நேசமலரும் பக்கத்தில் மண்டியிட்டார். "கையை மடக்காதீங்கோ அன்ரி," என்றாள் பிள்ளை. அழுதுகொண்டே அழுத்தியவருக்குக் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கியது.

"இவ்வளவு கஷ்டமோ? எவ்வளவு நேரம் இப்பிடிச் செய்தனீ?"

"அம்புலன்ஸ்காரர் வந்து என்னை விலத்தும் வரைக்கும் அன்ரி."

நேசமலர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

"தம்பி, இஞ்ச வாரும். நீரும் அமத்திப் பழகும். அடுத்தது நான் விழலாம்."