தீர்த்தம்மாள் கேட்ட கைநாட்டு

சித்தேரி மலையில் தீர்த்தம்மாளை ஏமாற்ற முடியாது என்பது ஊரறிந்த விஷயம். அரூர்ச் சந்தைக்குக் கடுக்காய் கொண்டுபோனால், தராசுத் தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையை அவிழ்ப்பாள். பிறவியிலேயே அப்படி இல்லை. புருஷன் செல்லன் உயிரோடிருந்தபோது மரம் வெட்டும் குத்தகைக்காரன் ஒருவன் வந்தான். வண்டி போக வழிவிடுவதற்கு ஒப்புதல் என்று சொல்லி, ஒரு காகிதத்தில் செல்லனிடம் கைநாட்டு வாங்கிப் போனான். அடுத்த வருஷம் பார்த்தால், அவர்கள் கொல்லையில் நின்ற பதினொரு புளியமரமும் அவனுடையவை ஆகியிருந்தன. அந்த ஏக்கத்திலேயே செல்லன் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து காகிதத்தோடு வரும் ஆளைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில், கடுக்காய் வியாபாரி தாவூது அப்படி ஒரு ஆளைத்தான் மலைக்குக் கூட்டிவந்தார். மூக்குக்கண்ணாடி, காக்கிக் கால்சட்டை, தோளில் காகிதம் சுருட்டிவைத்த நீளமான தகரக் குழல். பெயர் வெங்கடாசலம்.

"அக்கா, இவரு பட்டணத்துல இருந்து வந்திருக்காரு. காட்டுக்குள்ள இருக்கற கல்லுக்கோயிலப் பாக்கணுமாம். பொழுதுக்குள்ள கூட்டியாந்து வுட்டுடு. நான் சாவடியில இருக்கறேன்."

"அங்க என்னா இருக்குதுன்னு பாக்கணுமாம்?"

"சுவத்துல பழைய எழுத்து இருக்காம்மா. அதைக் காகிதத்துல படி எடுக்கணும்" என்றார் வெங்கடாசலம்.

தீர்த்தம்மாள் அவரை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்தாள். "முந்தி வந்தவனுங்களும் எழுத்துன்னுதான் சொன்னானுங்க. புதையல் இருக்குதுன்னு நந்திக்கு அடியில ஆளுயரக் குழி தோண்டிட்டுப் போனானுங்க."

மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். சொன்னால் வேறு யாரையாவது பிடித்துக்கொண்டு போவார், கண்காணிக்க ஆள் இருக்காது. அதனால் இடுப்பில் கொடுவாளைச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

வழிகாட்ட வந்தவள் முன்னால் போகவில்லை. அவரை முன்னால் நடக்கவிட்டு, "இந்தாண்ட திரும்புங்க, அந்தாண்ட திரும்புங்க" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே போனாள். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அவள் சந்தேகத்தைக் கூட்டியது. கோயிலுக்கு யாராவது வருவார்களா? விளக்கு வைப்பது யார்? ஓர் ஓடையைக் கடக்கும்போது அதன் பெயரைக் கேட்டார். வேண்டுமென்றே வேறொரு ஓடையின் பெயரைச் சொன்னாள். அவர் அதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

உச்சிவேளைக்குக் கோயில் வந்தது. சின்னக் கோயில், கூரைமேல் இச்சிமரம் வேர்விட்டுக் கல்லைப் பிளந்திருந்தது. வெங்கடாசலம் வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு லிங்கத்தைக் கும்பிட்டார். திருட வருகிறவனும் செருப்பைக் கழற்றத்தான் செய்வான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவர் மண்ணைத் தோண்டவில்லை. சுவரை ஓடைத் தண்ணீரால் கழுவினார். தகரக் குழலிலிருந்து காகிதத்தை எடுத்து, நனைத்து, எழுத்தின்மேல் ஒட்டினார். முரட்டுத் தூரிகையால் அதை அடி அடியென்று அடித்தார். காகிதம் எழுத்தின் பள்ளங்களில் இறங்கியதும், துணிப்பொதியைக் கரிய மையில் தோய்த்து மேலே ஒற்றினார். மை படப்படத் தாள் கறுத்தது. எழுத்துகள் மட்டும் வெள்ளையாக எழும்பின.

தீர்த்தம்மாள் அந்த மையைப் பார்த்தாள். அன்றைக்குச் செல்லனின் கட்டைவிரலில் தடவியதும் இதே மைதான். ஒரே எட்டில் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எடுங்க கைய! சாமிகிட்டயே கைநாட்டு வாங்கறீங்களா? இந்தக் காட்ட எழுதிக்கப் போறீங்களா?"

அவர் கையை உதறவில்லை. "கைநாட்டு இல்லம்மா. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறேன், கேளு" என்று எழுத்து எழுத்தாகத் தடுமாறிப் படித்தார். எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொம்பளை, இந்தச் சாமிக்கு விளக்கெரிக்க நெய்க்காகத் தன் ஆட்டுமந்தையைக் கொடுத்திருந்தாள்.

"அவ பேரு?"

"நங்கைன்னு இருக்கு. அப்பன் பேரு சிதைஞ்சுபோச்சு."

"மந்தைய அவளாக் குடுத்தாளா, இல்ல எழுதி வாங்கிக்கிட்டாங்களா?"

வெங்கடாசலம் கடைசி வரிவரை இன்னொரு தரம் படித்துப் பார்த்தார். "அது கல்லுல இல்லம்மா" என்றார்.

பொய் சொல்ல வந்தவனாக இருந்தால் அவளாகத்தான் கொடுத்தாள் என்று சட்டென்று சொல்லியிருப்பான். தீர்த்தம்மாள் கையை விட்டாள். ஆனாலும் சும்மா விடவில்லை.

"எனக்கும் அதே மாதிரி ஒரு தாள் எடுத்துக் குடுங்க. எடுத்துக்கினு போனது நீங்கதான்னு அதுல உங்க கைநாட்டு வைங்க."

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமேம்மா."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே. கைநாட்டுன்னா நானே பாத்துக்குவேன்."

அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது தாளையும் எடுத்துக் காயவைத்ததும், கட்டைவிரலை மையில் தோய்த்து அதன் மை படாத மூலையில் அழுத்தினார். தீர்த்தம்மாள் அவர் விரலைப் பிடித்து இழுத்து, ரேகையோடு ரேகை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் தாளைச் சுருட்டி முந்தானையில் முடிந்தாள்.

பொழுது சாய்வதற்குள் இருவரும் சாவடிக்கு வந்துவிட்டார்கள். தாவூதோடு அவர் மலையிறங்கும்போது, "அந்த ஓடைக்கு நான் சொன்ன பேரு தப்புங்க" என்று கூப்பிட்டுச் சரியான பெயரைச் சொன்னாள். அவர் நின்று, நோட்டில் அடித்துத் திருத்தி எழுதினார்.

மறுநாள் விடிந்ததும் தீர்த்தம்மாள் தனியாகக் கோயிலுக்குப் போனாள். சுவரில் எழுத்தெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று விரலால் வரிவரியாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. கீழ்வரியில் கொஞ்சம் மை ஒட்டியிருந்தது. ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து, அது போகும்வரை தேய்த்துக் கழுவினாள்.